தாய்மாமன் தவளை வகுப்பில் வந்தார்

நிலாவுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மூச்சு விட்டுக்கொண்டே போவது, மற்றது மூச்சு விடாமல் போவது.

மூச்சு வகுப்பில் மூன்று நாள் பயணம். ஜன்னல் உண்டு, காபி உண்டு, பக்கத்து இருக்கைக்காரரின் குறட்டையும் உண்டு. மற்றதில், அரிசி மூட்டையும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போகும் சரக்குக் கப்பலில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். அத்தனை மாதமும் ஓர் ஆளுக்குக் காற்றும் சோறும் கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் கிளம்பும்போதே ஓர் ஊசி போட்டு ஆளைத் தவளையாக்கிவிடுவார்கள். உருவத்தில் இல்லை, உடம்பின் பழக்கத்தில். குளிர்காலத்தில் குளத்தின் அடியில் தவளை கிடப்பதுபோல, சில்லென்ற தண்ணீர்த் தொட்டிக்குள் ஆள் கிடப்பார். கப்பல் கம்பெனி இதற்குச் 'சாந்தி நிலைப் பயணம்' என்று பெயர் வைத்திருந்தது. அதைக் கேட்டால் யாருக்கோ காரியம் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் தவளை வகுப்பு என்றே சொன்னார்கள்.

அங்கயற்கண்ணியின் அண்ணன் சௌந்தரபாண்டி மதுரையிலிருந்து இந்தத் தவளை வகுப்பில்தான் வந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் கயல் என்று கூப்பிடும் அங்கயற்கண்ணி, நிலாவில் சாம்பல்மேடு என்ற குடியிருப்பில் கீரைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். கணவன் மாசிலாமணி பள்ளங்களிலிருந்து பனிக்கட்டி அள்ளிவரும் வண்டியின் ஓட்டுநர். மகள் நிறைமதிக்கு ஒரு வயது முடிந்துவிட்டது, காது குத்த வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இதில் பூமி, நிலா என்ற பேதமெல்லாம் கிடையாது. மடி இல்லாவிட்டால் ஊர் பேசும். சாம்பல்மேட்டில் ஊர் என்பது பெரும்பாலும் மாசிலாமணியின் அக்கா திலகவதிதான்.

"ஏன் கயலு, உங்கண்ணன் மூட்டையோட மூட்டையாத்தான் வர்றாராமே?" என்றார் திலகவதி. "என் பிள்ளைகளுக்குக் காது குத்துனப்ப தாய்மாமன் உசுரோட வந்து உக்காந்தான். இந்தா நிக்கிறானே மாசிலாமணி, கேட்டுப் பாரு."

"நான் எதுத்த வீட்லதானக்கா இருந்தேன்?"

"இருந்தாலும் மூச்சு விட்டுக்கிட்டுத்தானடா வந்த?"

அண்ணன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து மீசையை முறுக்கினால் எல்லா வாயும் தானாக மூடும் என்று கயல் நினைத்துக்கொண்டாள்.

முகூர்த்தம் குறிப்பதிலேயே ஒரு சிக்கல் வந்து தீர்ந்திருந்தது. சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தானே நாள் குறிப்பார்கள்? சந்திரன் மேலேயே நின்றுகொண்டு எதைப் பார்ப்பது? சாம்பல்மேட்டு ஜோசியர் ஆவுடையப்பன் ரொம்ப நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர். "அங்கேருந்து பாத்தா இது சந்திரன். இங்கேருந்து பாத்தா அதுதான் சந்திரன்" என்று வானத்தில் தொங்கிய பூமியைக் காட்டிவிட்டார். அதன்படி பூமி ரோகிணியில் நிற்கும் நேரம் குறிக்கப்பட்டது.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகச் சரக்குக் கப்பல் வந்து சேர்ந்தது. தவளைப் பயணிகளை எழுப்ப ஒரு நாள் போதும். ஆனால் சாயங்காலம் ஆவதற்குள் விழிப்பு வார்டிலிருந்து கயலுக்கு அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் டாக்டர் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரர், எத்தனையோ தவளைகளை ஆளாக்கிய கை.

கயலைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அக்கா, உங்க அண்ணன் உடம்புல என்ன தடவிட்டு வந்தாரு?"

"ஒண்ணும் தடவலயே டாக்டரம்மா."

"தொட்டியத் திறந்தா நல்லெண்ணெய் வாசம் கும்முனு வருது. எனக்கு இட்லிப்பொடி ஞாபகமே வந்துட்டு."

நல்ல காரியத்துக்குக் கிளம்பும் ஆள் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் கிளம்பலாமா? அதுவும் மாதக்கணக்கில் சில்லென்ற தண்ணீரில் கிடக்கப்போகிற ஆள்? "நல்லா எண்ணெய் தேச்சு அனுப்புங்க அண்ணி, இல்லாட்டி சளி புடிச்சுக்கும்" என்று போனில் அண்ணிக்குச் சொன்னதே கயல்தான். அண்ணியும் சொன்னதற்கு மேலே செய்கிறவர். குளிப்பாட்டியபின், கிளம்பும் நேரத்தில் உச்சி முதல் உள்ளங்கால்வரை இன்னொரு பூச்சு, நெஞ்சிலும் முதுகிலும் கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் தனியாக. தோலில் எதுவும் இருக்கக் கூடாது என்று கம்பெனி ஒன்பது மொழியில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதில் சௌந்தரபாண்டி மனதில் வாங்கிக்கொண்ட ஒரே வாக்கியம், 'புறப்படுவதற்கு முன் நன்றாகச் சாப்பிடவும்' என்பதுதான்.

"எண்ணெய் தேச்சா என்ன டாக்டரம்மா? உடம்புக்கு நல்லதுதான?"

"மனுசனுக்கு நல்லது. தவளைக்கு?" ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்தார். "தவளை தண்ணிக்கு அடியில கிடக்கும்போது நுரையீரலை எடுத்து ஓரமா வச்சிரும். தண்ணியில கரைஞ்சிருக்க ஆக்சிஜனைத் தோல் வழியாவே வாங்கிக்கிடும். அப்ப அதுக்குத் தோல்தான் மூக்கு."

"எண்ணெய் மூக்கை அடச்சிருச்சா?"

"உடம்பு பூரா மூக்கு. நீங்க பூராத்தையும் அடச்சு அனுப்பிட்டீங்க."

கயல் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அப்ப எங்கண்ணன்..."

"இருக்காரு, இருக்காரு. பதறாதீங்க. தவளைகிட்ட ரெண்டாவது வித்தை ஒண்ணு இருக்கு. வரவு நின்னுபோச்சுன்னா செலவைக் குறைச்சிரும். வியாபாரம் படுத்துட்டா கடைக்காரன் ஷட்டரை முக்காவாசி இறக்கி, ஒத்த பல்பை மட்டும் எரிய விட்டு உக்காந்திருப்பான்லா? அந்த மாதிரி. உங்க அண்ணன் உடம்பு இப்ப அப்படித்தான் கிடக்கு."

"அந்த ஒத்த பல்பு?"

"அது மூளை. கல்லீரல்ல சேத்து வச்ச சர்க்கரையில எரியுது. கிளம்புறப்ப என்ன சாப்பிட்டாரு?"

"வழியனுப்ப வந்தவங்க எல்லாரும் அதிரசமும் லட்டுமா ஊட்டி விட்டாங்கன்னு அண்ணி சொன்னாங்க. வேண்டாம்னே சொல்லலையாம்."

"அந்த லட்டுக்கு ஒரு கும்புடு போடுங்க."

தொட்டியைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். அண்ணன் மாவில் பிசைந்த பொம்மைபோல் வெளுத்துக் கிடந்தார். மீசை மட்டும் தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆடியது. பக்கத்தில் ஒரு பெட்டி, இதயம் துடித்தால் 'டொக்' என்று சத்தம் போடுமாம். கயல் காத்திருந்தாள். சத்தமே இல்லை. நர்ஸ் பெண் ஆறுதலாகச் சொன்னாள்: "லேட் ஆகும்க்கா. ஒரு டொக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவுல நாங்க காபி போட்டுக் குடிச்சு டம்ளரையும் கழுவி வச்சிருவோம்."

"எப்ப முழிப்பாரு?"

"ஒரு வாரம் ஆகலாம்" என்றார் ஜெசிந்தா.

முகூர்த்தம் நாளை மறுநாள்.

அன்றிரவு வீட்டில் திலகவதிதான் வழி சொன்னார். "குளிர்ல வெறச்சுப்போனா என்ன செய்வோம்? வெந்நி ஊத்துவோம். இதுக்கு எதுக்குடி டாக்டரு?" கயலுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை பெரிய பிளாஸ்க் நிறைய வெந்நீரும், கம்பளியும், அண்ணனுக்கு ஒரு குரங்குக் குல்லாவும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய் நின்றாள்.

ஜெசிந்தா குல்லாவைப் பார்த்துச் சிரித்தார். பிளாஸ்க்கைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"அக்கா, குளிர் இருக்கதாலதான் அவர் இருக்காரு. சூடு ஏறுனா உடம்பு பூரா ஒரே நேரத்துல முழிச்சு, எனக்கு மூச்சைக் கொடுன்னு கேக்கும். முதல்ல கேக்கது மூளை. ரத்தமோ, வெளியில வச்ச மாவு மாதிரி புளிச்சுக் கிடக்கு. அந்தப் புளிப்பு கொஞ்சங் கொஞ்சமாத்தான் இறங்கும். இதயம் இன்னும் தயாராகல. கேட்டதைக் கொடுக்க முடியலன்னா..."

"என்ன ஆகும்? எந்திரிக்க மாட்டாரா?"

"எந்திரிப்பாரு. நாளைக்கே எந்திரிச்சு உக்காருவாரு. ஆனா உக்காந்திருக்கது உங்க அண்ணன்தானான்னு என்னால சொல்ல முடியாது. உங்களைப் பாத்து, நீங்க யாருன்னு கேட்டாலும் கேக்கலாம்."

கயல் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். வேளாவேளைக்கு மூக்கை நுழைக்கும் நாத்தனாரின் முகம் ஒரு பக்கம் வந்தது. சின்ன வயதில் இவளைத் தோளில் உட்கார வைத்துச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள் நீந்திப்போன அண்ணன் ஒரு பக்கம் வந்தார். இவ்வளவு தூரம் இவர் வந்தது மடி காட்டவா, இல்லை தங்கச்சி பெற்ற பிள்ளையைப் பார்க்கவா? பார்க்க ஆள் இல்லாமல் மடி எதற்கு? அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பிளாஸ்க்கைத் திறந்து, அங்கேயே நர்ஸ் பெண்ணின் காபிக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"சூடு பண்ணப் போறதில்ல மதினி. முகூர்த்தத்தை ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்குவோம். அவரு வர முடியாட்டி என்ன, நாம மடிகிட்டப் போவோம்."

"என்னடி பேசுற? பச்சப் பிள்ளைய உசுரில்லாத மடியில உக்கார வைப்பியா?"

"உசுரு இருக்கு."

"யாரு பாத்தா?" திலகவதி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சரி. முகூர்த்தம் முடியறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நெஞ்சு அடிக்கட்டும். என் காதால கேக்கணும். அப்ப ஒத்துக்கறேன், அது தாய்மாமன் மடின்னு. இல்லாட்டி என் வீட்டுக்காரரு மடியில உக்கார வச்சு முடிச்சுட்டுப் போவோம்."

ஜோசியர் ஆவுடையப்பனைக் கேட்டார்கள். சாஸ்திரத்தில் தவளை பற்றி எதுவும் இல்லாததால் அவரும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் விழிப்பு வார்டு அதுவரை பார்க்காத கூட்டத்தைப் பார்த்தது. பட்டுப்புடவையோடு பெண்கள் தாம்பாளத் தட்டுகளை ஏந்தி வந்தார்கள். நிலாவில் நடை கொஞ்சம் துள்ளல்தான். ஒவ்வொரு துள்ளலுக்கும் தட்டிலிருந்த வாழைப்பழம் எழும்பி எழும்பி உட்கார்ந்தது. தேங்காய் உடைக்கக் கூடாது என்று நர்ஸ் பெண் மன்றாடினாள். குளிர் தாங்காமல் திலகவதி பட்டுப்புடவைக்கு மேல் அந்தக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

ஜெசிந்தா தொட்டியைச் சாய்த்து, இடுப்பளவு தண்ணீரில் சௌந்தரபாண்டியை உட்கார்ந்த வாக்கில் நிறுத்தியிருந்தார். மடிமேல் ஒரு பலகை, அதன்மேல் மெத்தை, அதன்மேல் ஸ்வெட்டர் போட்ட நிறைமதி. அவளுக்கு ஒரே குஷி. தண்ணீரைத் தட்டினாள், துளிகள் சாவகாசமாக மேலே போய்ச் சாவகாசமாக இறங்கின. மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தாள். மாமன் கண்ணை மூடிக்கொண்டு மகான்போல் பொறுத்துக்கொண்டார்.

ஆசாரி கதிர்வேலு தங்கக் கம்பியோடு தயாராக நின்றார். கூட்டம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெட்டி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

யாரோ இருமினார்கள். ஐந்து பேர் 'உஷ்' என்றார்கள். அந்த உஷ்ஷுக்குப் பத்துப் பேர் 'உஷ்' என்றார்கள். மாசிலாமணிக்கு விக்கல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே துள்ளி ஓடினான். அத்தனை பேரும் ஒருத்தருடைய ஒற்றைத் துடிப்புக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில், அங்கே தவளை யார், மனிதர் யார் என்றே சொல்ல முடியவில்லை.

"பூமி ரோகிணியை விட்டு நகரப் போகுது" என்றார் ஜோசியர் மெல்ல.

திலகவதி தன் கணவரைக் கண்ணால் அழைத்தார். அவர் மடியைச் சரிசெய்துகொண்டு ஓரடி எடுத்து வைத்தார். கயல் தொட்டிக்குள் கைவிட்டு அண்ணனின் சில்லிட்ட கையைப் பிடித்தாள். எண்ணெய் தேய்க்கச் சொன்ன வாயால் இப்போது எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். அண்ணே, எனக்காக ஒரே ஒரு தடவை.

டொக்.

குலவைச் சத்தத்தில் வார்டு அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கக் குலவையிட்டது குல்லாவுக்குள்ளிருந்து வந்த குரல். அந்தக் களேபரத்தில் ஆசாரி வலது காதில் கம்பியை ஏற்றினார். பிள்ளை வீறிட்டது, உடனே வாழைப்பழம் வாய்க்குள் போனது. கயல் குனிந்து ஆசாரியிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் கருவிப் பெட்டியை மூடினார்.

அடுத்த வாரம் சௌந்தரபாண்டி கண் விழித்தார். முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு "கயலு" என்றார். குரல் மழைக்காலத்துக் குளம்போல் இருந்தாலும் கயலுக்கு அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் இல்லை. அழுதுகொண்டே பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்து காட்டினாள். பிள்ளையின் தலையில் பூப்பின்னல் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வெளியே தெரிந்த காதில் தங்கம் மின்னியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கேட்ட தண்ணீரைக் குடித்து முடிக்கும் முன்பே சௌந்தரபாண்டி வாயைத் திறந்தார்.

"யாரைக் கேட்டுக் காது குத்துனீங்க? தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி இங்க கெடக்கேன். என்னைய விட்டுட்டு எவன் மடியில உக்கார வச்சீங்க?"

"உங்க மடியிலதான் மச்சான்" என்றான் மாசிலாமணி.

"யார்கிட்ட கதை விடுற மாப்ள? என் மடி எனக்குத் தெரியாதா? இனிமே உங்க வாசப்படி மிதிச்சேன்னா ஏன்னு கேளு!"

"இது ஆஸ்பத்திரி வாசப்படி மச்சான்."

அவர் எழுந்து போகப் பார்த்தார், கால் வரவில்லை. அப்போது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து சாட்சி வந்தது. "உங்க மடிதான் தம்பி. நெஞ்சு அடிச்சுச்சு, என் காதால கேட்டேன்" என்று திலகவதி போனை நீட்டினார். அதில் படம் ஓடியது.

சௌந்தரபாண்டி ஒரு தடவை பார்த்தார். திரும்ப ஓட்டச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"என் உடம்புதான் ஆத்தா" என்றார் கயலிடம். "ஆனா நான் இதுல இல்லையே. பிள்ளை மீசையைப் புடிச்சு இழுக்குது, எனக்குத் தெரியவே இல்ல. இதுக்குத்தான இம்புட்டுத் தூரம் மூட்டையோட மூட்டையா வந்தேன்? உடம்பு வந்து சேந்துருச்சு. நான் எங்க வந்தேன்?"

கயல் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றித் தொப்பியைக் கழற்றினாள். இடது காது வெறுமையாக இருந்தது.

"ஒரு காது, வந்து சேந்த உடம்புக்கு. இன்னொண்ணு, நீ முழிச்ச பெறகுன்னு ஆசாரிகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேண்ணே."

"அடிப்பாவி!" என்றார் திலகவதி. "இதுக்குத்தான் ஒரு வாரமா பிள்ளைக்குத் தொப்பியக் கழட்டாம வச்சிருந்தியா? முகூர்த்தம்?"

"பூமி எங்கன நின்னா என்ன மதினி? எங்கண்ணன் இங்க இருக்காரு."

ஆசாரியை அழைத்து வந்தார்கள். சௌந்தரபாண்டி கட்டிலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நிறைமதியை மடியில் வைத்ததும் அவள் அண்ணாந்து பார்த்தாள். போன வாரம் அமைதியாக இருந்த மீசை இப்போது அசைகிறது என்று கண்டுகொண்டு ஓவென்று அழத் தொடங்கினாள். ஆசாரி கம்பியை எடுத்தார். ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டு தாய்மாமன், மருமகளைவிட உரக்க அழுதார். நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களை ஜெசிந்தா இன்னும் கழற்றவில்லை. பெட்டி மாவு மில் மாதிரி டொக் டொக் டொக் டொக் என்று இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

திலகவதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "டாக்டரம்மா, அந்தச் சனியனை முதல்ல நிறுத்துங்க! காது போகுது!"

கயல் நிறுத்த விடவில்லை.